மைக் செட் காந்தமும் மாரியின் கறுப்புத் தண்ணீரும்

இதுவரை இந்தப் பக்கத்தில் அருவி, அணைக்கட்டு, மலைப்பாதை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை நான் பார்த்துவிட்டு வந்தது ஒரு புட்டி கறுப்புத் தண்ணீர். குற்றாலத்தின் அத்தனை அருவிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாலும் அந்தப் புட்டிக்கு முன்னால் சொட்டு நீர்ப்பாசனம்தான். பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு மாலையே திரும்பிவிட்டேன். இரண்டு நாள் பயணம்தான், ஆனால் என் வரலாற்றில் தனி அத்தியாயம்.

காரணம் என் அக்கா. தளவாய்புரத்தில் நைட்டி தைத்துக் கொடுக்கும் அவள், வெள்ளிக்கிழமை மதியம் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் மகள் மாரீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள்.

"ஏலே, மாரிக்குப் பெரிய காந்தம் ஒண்ணு வேணுமாம். உன் மைக் செட்டுல கிடக்குமுல்ல, அதுல ஒண்ணைக் கழட்டி எடுத்துட்டு வா. வரும்போது உன் வாயை மட்டும் மதுரையிலயே வச்சுட்டு வா."

மதுரையில் முப்பது வருடம் மைக் செட் கடை நடத்தியவன் நான். என் குழாய் ஸ்பீக்கர் ஒருமுறை முழங்கினால் கொடைக்கானலில் பேரிக்காய் உதிரும் என்பது மலைவாழ் மக்கள் அறிந்த உண்மை. அப்படிப்பட்ட ஒரு ஸ்பீக்கரின் பின்புறத்தைப் பிரித்து, வடை போல நடுவில் ஓட்டையுள்ள ஒன்றரைக் கிலோ காந்தத்தை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

மாட்டுத்தாவணியில் காலை ஆறு பத்துக்குப் பேருந்து. திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். எண்பத்தைந்து ரூபாய் டிக்கெட், இரண்டே முக்கால் மணி நேரம். கல்லுப்பட்டி தாண்டும்வரை காந்தம் மடியில் சாதுவாகத்தான் இருந்தது. அதன்பிறகு நடத்துநர் மீதிச் சில்லறை கொடுக்கக் குனிந்தார். அவர் உள்ளங்கையிலிருந்த இரண்டு ரூபாய் நாணயம் எழுந்து பறந்து வந்து என் பையில் ஒட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, பையில என்ன வச்சிருக்கீக?"

"விஞ்ஞானம்" என்றேன்.

"விஞ்ஞானத்தை இறங்குற வரைக்கும் காலுக்குக் கீழ வைங்க. என் பை பூரா சில்லறை. எல்லாம் உங்க பக்கம் சாய்ஞ்சா நான் டிப்போவுல என்ன பதில் சொல்ல?"

ராஜபாளையத்தில் இறங்கியதும் மாரி காத்திருந்தாள். ஒல்லியான பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் பல்லவர் காலத்திலிருந்து தொடங்கி நலம் விசாரித்தேன். அவள் பையைத்தான் பார்த்தாள். "காந்தம் எங்க மாமா?"

கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லை. மாரி முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்ததால் ஓர் ஓரமாக நாற்காலி கிடைத்தது. அங்கே உட்கார்ந்துதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவள் செய்வது காந்த இரும்பு ஆக்சைடு. அதாவது, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கறுப்புத் துகள். ஒவ்வொரு துகளும் பத்து நானோமீட்டர் அளவு. என் மீசையிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கி அதன் குறுக்கே இந்தத் துகள்களை வரிசையில் நிறுத்தினால் ஆயிரக்கணக்கில் நிற்கும். இது என் வழக்கமான அளப்பு இல்லை, மாரியே கணக்குப் போட்டுச் சொன்னது. என் வாழ்க்கையில் உண்மையே மிகையாக இருந்த முதல் தருணம் அதுதான்.

"இதை வச்சு என்ன செய்யப் போறே?"

"ஆஸ்பத்திரியில ஸ்கேனுக்கு, ரத்தப் பரிசோதனைக்கு எல்லாம் உதவும் மாமா. நான் எடுத்திருக்கிறது சாயத் தண்ணி. துகள் சாயத்தைப் புடிச்சுக்கும். வெளிய காந்தம் காட்டினா துகளோட சாயமும் ஒதுங்கிரும். தண்ணி தெளிஞ்சிரும்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவள் பதிலை இங்கே அப்படியே தருகிறேன், இந்தப் பயணம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. நல்ல துகளுக்கு ஒரு குணம் வேண்டுமாம். காந்தம் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றாய்ச் சேர வேண்டும். காந்தத்தை எடுத்ததும் சேர்ந்ததையே மறந்து தண்ணீரில் தனித்தனியாகப் பரவ வேண்டும். அப்போதுதான் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அவள் முன்பு செய்த இரண்டு தொகுதிகளும் இரவல் வாங்கிய ஒரு பெரிய காந்தத்தின் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்ததும் இட்லி மாதிரி கட்டியாகி, அதன்பிறகு பிரியவே இல்லை.

"எங்க கைடு மேடம் சொல்லிட்டாங்க மாமா. மூணாவது தடவை நிஜமான சாயப் பட்டறைத் தண்ணியில செஞ்சு காட்டணும். ஆகலைன்னா தலைப்பை மாத்திரணும். ஒன்றரை வருஷ வேலையைத் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து வரணும்."

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. சரி, குறைவாகத் திறந்தேன்.

முகக்கவசம் மாட்டச் சொன்னாள். காய்ச்சி ஆறவைத்த நீரில் இரண்டு வகை இரும்பு உப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று வெளிர்பச்சை. மஞ்சள் இரண்டு பங்கு, பச்சை ஒரு பங்கு. காற்று புகாதபடி குழாய் வழியாக நைட்ரஜன் ஊதிக்கொண்டே இருந்தது. காற்று புகுந்தால் கறுப்புக்குப் பதில் துருதான் மிஞ்சுமாம். எழுபது, எண்பது டிகிரி சூட்டில் தண்ணீர் கிறுகிறுவென்று சுழல, மாரி அம்மோனியாவை ஊற்றினாள். அடடா! பஞ்சாமிர்த நிறத்தில் இருந்த திரவம் கண்சிமிட்டும் நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆனது. ஆகாயத்தில் சூரியனை யாரோ வாயால் ஊதி அணைத்தது போல. நான் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மாரி "மாமா" என்றாள், ஒரே ஒரு சொல்லில் ஒரு பத்தி.

சின்னக் காந்தத்தை வைத்து ஒதுக்கி ஒதுக்கி, நாற்றம் போகக் கழுவினாள். பிறகு சிட்ரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினாள். சோடாவில் புளிப்புக்குப் போடுகிறார்களே, அதே சரக்கு. ஒவ்வொரு துகளுக்கும் அது ஒரு சட்டை மாதிரியாம், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் காக்கும். முந்தைய இரண்டு தொகுதிக்கும் சட்டை கிடையாது. மாலை நான்கு மணிக்கு அரைப் புட்டி கறுப்புத் தண்ணீர் தயார். பெரிய காந்தம் வைத்துப் பார்ப்போமா என்றேன். "நாளைக்குப் பட்டறையில பார்த்துக்கலாம்" என்றாள். அவளுக்குப் பார்க்கப் பயம். எனக்கே புரிந்தது.

தளவாய்புரம் அங்கிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். இரவு அக்கா கையால் வெந்தயக் குழம்பு. குழம்பைப் பற்றித் தனிக் காவியமே பாடலாம். விட்டுவிடுகிறேன்.

ஞாயிறு காலை ஏழரை மணி. மாரி குளிக்கப் போயிருந்தாள். பைகளை எடுத்து வைப்பது என் பொறுப்பு. உலகம் சுற்றிய பயணி என்கிற முறையில் மூட்டை கட்டுவதில் எனக்கு இணையானவர் ஆசியாவில் கிடையாது. கண்ணாடிப் புட்டி உடையக்கூடாது. பக்கத்தில் கனமாக ஒன்று இருந்தால் புட்டி ஆடாது. எனவே புட்டியையும் காந்தத்தையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து, அக்காவின் பூப்போட்ட நைட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி, தாலாட்டுப் பாடாத குறையாகப் பைக்குள் படுக்க வைத்தேன்.

தளவாய்புரத்திலிருந்து ராஜபாளையம் ஒரு பேருந்து, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னொரு பேருந்து, பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டுமே நகரப் பேருந்து, மாரிக்கு இலவசம். ராஜபாளையத்திலிருந்து எனக்குப் பன்னிரண்டு ரூபாய். அரசாங்கம் என்னை மட்டும் குறிவைத்துப் பழிவாங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே பால்கோவா கடைகளைத் தாண்டி ஆட்டோ பிடித்தோம். மலையடிவாரம் போகும் சாலையில் நான்கு கிலோமீட்டர்.

"நூறு ரூபா சார்."

"தம்பி, நூறு ரூபாய்க்கு நான் ராக்கெட்டில் போயிருப்பேன்."

"ராக்கெட் இந்த ரோட்டுல வராது சார், பள்ளம். எம்பது குடுங்க."

தென்னந்தோப்புக்கு நடுவே தகரக் கூரை போட்ட பட்டறை. காதர் பாய்க்குச் சொந்தமானது. தென்னந்தும்பில், அதாவது தேங்காய் நாரில், கால்மிதி செய்து, சாயம் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிறார். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு விடுமுறை, ஞாயிறு வேலை நடக்கும். வாசலில் தும்பு மலைபோல் குவிந்திருக்க, உள்ளே அண்டாவில் ஊதாச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அலசிய தண்ணீர் ஒரு தொட்டியில் தேங்கி, கத்தரிக்காய் நிறத்தில் பளபளத்தது.

"வா தாயி. இவிய யாரு?" என்றார் பாய்.

"எங்க மாமா. காந்தம் கொண்டாந்திருக்காங்க."

"வாங்கண்ணே. இந்தப் புள்ள ரெண்டு மாசமா வந்து தண்ணி மோந்துட்டுப் போகுது. எம்புட்டுத் தண்ணி போச்சு தெரியுமா? இன்னைக்காவது ஏதாவது நடக்குமா?"

நான் தொண்டையைச் செருமினேன். "பாய், இன்று இந்தப் பட்டறையில் நடக்கப் போவது..."

மாரி அதற்குள் மூட்டையைப் பிரித்திருந்தாள். நைட்டித் துணி கீழே விழுந்தது. புட்டிக்குள் தண்ணீர் வெறுமனே தெளிந்து நிற்க, கறுப்பு முழுவதும் காந்தம் இருந்த பக்கம் அட்டையாய் அப்பியிருந்தது. காந்தமும் புட்டியும் ஒன்றை ஒன்று விடாமல் கவ்விக் கிடந்தன.

மாரி புட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எப்ப மாமா சேர்த்து வச்சீங்க?"

"ஏழரைக்கு."

இப்போது மணி ஒன்பதரை. அவள் அப்படியே தும்புக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் இட்லியானது இரண்டு மணி நேரத்தில் என்னவாகும் என்று எனக்கும் கணக்குத் தெரியும். ஆனாலும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தேன். குச்சி விட்டுக் கிண்டலாமா என்றேன். வெந்நீரில் வைக்கலாமா என்றேன். மைக் செட்டில் இப்படித்தான் ஒருமுறை என்று ஆரம்பித்தேன்.

"ஏன்ணே, புள்ள யோசிக்குது" என்றார் பாய்.

மாரி எழுந்து, காந்தத்தைப் புட்டியிலிருந்து பிய்த்து என் கையில் கொடுத்தாள். "மாமா, இதை எடுத்துக்கிட்டுத் தூரமாப் போங்க."

நான் பட்டறை வாசலுக்குப் போனேன்.

"இன்னும்."

தென்னை மரத்தடிக்குப் போனேன். "போதுமா?"

"இன்னும் தூரம் மாமா!"

சாலைக்கே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கையை வீசி வீசி "போங்க, போங்க" என்கிறாள். காந்தத்தின் வீச்சு இவ்வளவு பயங்கரமா என்று வியந்தபடி, அணுகுண்டைச் சுமப்பவன் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. அங்கிருந்து பட்டறையின் தகரக் கூரை மட்டும்தான் தெரியும். மனிதர்கள் தெரியவில்லை. அங்கேயே நின்றேன்.

கடைக்கார அக்கா கேட்டார். "என்ன சாமி அது, நெஞ்சோட கட்டிப் புடிச்சிருக்கீக?"

"காந்தம். இது பக்கத்தில் இருந்தால் என் மருமகளின் படிப்பு போய்விடும்."

"அப்ப இங்க ஏன் கொண்டாந்தீக? என் கடை என்ன பாவம் பண்ணுச்சு?"

டீ பன்னிரண்டு ரூபாய். சுவை எப்படி என்று கேட்காதீர்கள். இத்தனை வருடப் பயணக் கட்டுரைகளில் ஒரு டீயின் சுவையைக் கவனிக்காமல் குடித்தது அன்றுதான். ஒன்றரை வருடம் அந்தப் பெண் கண் விழித்த உழைப்பு அந்தப் புட்டிக்குள் இருந்தது. அதைத் துணியில் சுற்றித் தாலாட்டியவன் நான். இரண்டாவது டீயும் சொன்னேன். அதற்கும் சுவை இல்லை.

அப்போது கேட்டது. என் ஸ்பீக்கர்கள் அத்தனையும் சேர்ந்தால்கூட எழுப்ப முடியாத ஒரு சத்தம், தோப்புக்குள்ளிருந்து.

"மாமாஆஆ! வாங்க! காந்தத்தோட வாங்க!"

கூடவே காதர் பாயின் குரல்: "அண்ணே, வரும்போது அந்தக் கடையில பெரிய கண்ணாடி ஜாடி ஒண்ணு வாங்கிட்டு வாங்க! இந்தப் புள்ள தம்ளர்ல செஞ்சு காட்டப் போகுதாம். தம்ளர்ல எவன் சாயம் காச்சுறான்?"

கடைக்கார அக்கா முறுக்கு ஜாடியைக் காலி செய்து கொடுத்தார். "உடைச்சா புது ஜாடி வாங்கித் தரணும்" என்றார். ஒரு கையில் ஜாடி, ஒரு கையில் காந்தம். என் வயதுக்கு நான் ஓடிய ஓட்டத்தை ஒலிம்பிக்காரர்கள் பார்க்காதது அவர்கள் நல்ல நேரம்.

மாரி புட்டியைக் குலுக்கிக் காட்டினாள். கட்டி இல்லை. அட்டை இல்லை. உள்ளே காப்பி டிகாக்ஷன் மாதிரி ஒரே சீரான கறுப்பு. "கையாலதான் ஆட்டினேன் மாமா, அவ்வளவுதான். முதல்ல ஓரம் ஓரமாக் கரைஞ்சுது, அப்புறம் மொத்தமா விட்டுருச்சு. சட்டை வேலை செய்யுது!" அவள் கண்ணில் நீர். காதர் பாய் அதைப் பார்க்காதது போல அண்டாவைக் கிளறினார்.

பிறகு அரங்கேற்றம். ஜாடி நிறைய ஊதாத் தண்ணீர். அதில் கறுப்பை ஊற்றிச் செத்த நேரம் கலக்கினாள். "இப்ப வைங்க மாமா." காந்தத்தை ஜாடியின் வெளிப்பக்கம் ஒட்டிப் பிடித்தேன். உள்ளே கறுப்பு மெல்ல என் கையை நோக்கி நகர்ந்தது. கல்யாண வீட்டில் பந்தி திறந்ததும் கூட்டம் ஒரு பக்கம் சாயுமே, அப்படி. மறுபக்கம் ஜாடி வழியாகக் காதர் பாயின் தாடி தெரிய ஆரம்பித்தது. பிறகு அவர் சட்டைப் பொத்தான். கடைசியில் அவருக்குப் பின்னால் இருந்த தும்புக் குவியல்.

"இன்னும் லேசா நிறம் கிடக்கே" என்றார் பாய்.

"கிடக்கு பாய். வெங்காயச் சருகு மாதிரி. இன்னொரு தடவை போட்டா அதுவும் குறையும். ஆனா உப்பு எதையும் இது எடுக்காது. குடிக்கிற தண்ணின்னு நினைச்சிராதீங்க."

பொய் சொல்லாத இந்தக் குணம் எங்கள் குடும்பத்தில் எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை.

"சரி, புடிச்ச சாயத்தை என்ன செய்வ?"

மாரி தண்ணீரை வடித்துவிட்டு, கறுப்பின்மேல் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றி ஆட்டினாள். காந்தத்தைக் காட்டியதும் கறுப்பு ஒதுங்கியது. மேலே நின்ற கொஞ்சூண்டு தண்ணீரில் ஊதா திரும்ப வந்திருந்தது, முன்பைவிட அடர்த்தியாக.

காதர் பாய் விரலை விட்டுப் பார்த்தார். விரல் ஊதாவானது. "ஏ தாயி! எங்க அண்டாவுலயும் இதே வினிகர்ச் சரக்கு, அசிட்டிக், ஊத்தித்தானே சாயம் கரைக்கோம். இதை அப்படியே திரும்ப அண்டாவுல விடலாம் போலயே!"

"அதைத்தான் ரெண்டு மாசமா சொல்ல வாரேன் பாய்."

"தண்ணி தண்ணின்னுதானே சொன்ன! சாயம் திரும்பி வரும்னு முதல்லயே சொல்லிருந்தா நான் உனக்கு ஜாடியே வாங்கித் தந்திருப்பேன்."

ஜாடியில் மறுபடி ஊதாத் தண்ணீரை நிரப்பி, கழுவிய அதே துகளைப் போட்டாள். முதல் தடவையைவிடச் சற்றே மெதுவாக, ஆனால் தெளிந்தது. மாரி படம் எடுத்து அவள் மேடத்துக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "தலைப்பை மாற்ற வேண்டாம்." பாய் அடுத்த ஞாயிறு ஓர் அண்டாத் தண்ணீரை அவளுக்காகவே ஒதுக்கி வைப்பதாகச் சொன்னார்.

நன்றாகத் துடைத்த முறுக்கு ஜாடியை டீக்கடை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டு, "இனி இதுல முறுக்கு போட மாட்டேன்" என்றார். புது ஜாடிக்கான நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்தேன். இந்தப் பயணத்தில் நான் முணுமுணுக்காமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

இதே வழியில் கிளம்புகிறவர்களுக்குச் சில சொற்கள். மதுரையிலிருந்து காலைப் பேருந்தைப் பிடியுங்கள், மதியத்துக்குமேல் வெயிலும் கூட்டமும் போட்டி போடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவைத் திரும்பும்போது வாங்குங்கள், போகும்போது வாங்கினால் போகும்போதே தீர்ந்துவிடும். கையில் பெரிய காந்தம் இருந்தால் செல்பேசி, வங்கி அட்டை, நடத்துநர் மூன்றையும் தள்ளி வையுங்கள். காந்தத்தைத் துகள் கலந்த தண்ணீருக்குள் நேரடியாக முக்காதீர்கள், வழித்தெடுக்க ஒரு ஜென்மம் போதாது. கண்ணாடிக்கு வெளியே பிடித்தால் போதும். அம்மோனியாவை வீட்டில் வைத்து விளையாட நினைக்காதீர்கள், அதற்கென்று புகைபோக்கி உள்ள கூடமும் தெரிந்த ஆளும் வேண்டும். காந்தத்தையும் துகளையும் ஒரே பையில் கட்டாதீர்கள், அதற்கு நான் ஒருவன் போதும்.

கடைசியாக ஒன்று. மதுரைக்குக் கிளம்புமுன் மாரியைக் கொண்டுபோய் விட ராஜபாளையம் திரும்பும் பேருந்தில், பால்கோவாப் பொட்டலம் பாதி காலியானபோது அவளிடம் கேட்டேன். "ஏட்டி, அந்தக் காந்தத்துக்கு அம்புட்டுத் தூரம் வீச்சு இருக்கா? டீக்கடை வரைக்குமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். "ரெண்டடி தள்ளி வச்சாப் போதும் மாமா."

"அப்புறம் ஏன் என்னை அம்புட்டுத் தூரம் விரட்டினே?"

"நீங்க பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருந்தா நான் எப்படிப் புட்டியை ஆட்டுறது?"

ஆகவே அன்பர்களே, குறித்துக்கொள்ளுங்கள்: காந்தத்தை இரண்டடி தள்ளி வைத்தால் போதும். தாய்மாமனை டீக்கடை வரை அனுப்ப வேண்டும். கூப்பிட்டால் இரண்டுமே ஓடி வரும்.